சினிமாவில் சுந்தானிய ஆண் ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறான்?

கேள்வி இது: "கமிலா அந்தினி எடுத்த 'நானா' படம் பார்த்தேன். அதில் வரும் கணவர் கத்துவதில்லை, கை ஓங்குவதில்லை. ஆனாலும் அந்த வீட்டில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். சுந்தானிய ஆண்களே இப்படித்தானா? மரபுக்கும் நவீன வாழ்க்கைக்கும் நடுவில் நிற்கும் ஆணை அவர்களுடைய சினிமா எப்படிக் காட்டியிருக்கிறது?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை எழுதும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கிறார்: சூடான் இல்லை, சுந்தா. ஜாவா தீவின் மேற்குப் பகுதி. பாண்டுங், போகோர், காருட், சுகபூமி எல்லாம் அவர்கள் ஊர். 2010 கணக்கெடுப்பில் சுமார் 3.67 கோடி பேர். இந்தோனேசியாவில் ஜாவானியருக்கு அடுத்த பெரிய இனம். மொழி தனி, பாட்டு தனி, பொம்மலாட்டம் தனி.

நான் சில வருஷம் வேலைக்காக பாண்டுங்கில் இருந்தேன். அங்கே யாரையாவது தாண்டிப் போனால் லேசாகக் குனிந்து, வலது கையைத் தாழ்த்தி "புந்தென்" என்பார்கள். உட்கார்ந்திருப்பவர் "மங்கா" என்று பதில் சொல்வார். முதல் வாரம் முழுக்க யாரோ மாங்காய் விற்கிறார்கள் என்றே நினைத்தேன். "மன்னிக்கணும், போகட்டுமா" என்பதற்கு "தாராளமா போங்க" என்று பதில், அவ்வளவுதான். பேருந்து நிலையத்தில் மாமூல் வசூலிக்கும் ரவுடியும் புந்தென் சொல்லிவிட்டுத்தான் வசூலிப்பான். சாப்பிடுவது என்ற ஒரு வினைக்கே, நான் சாப்பிட்டால் ஒரு சொல், பெரியவர் சாப்பிட்டால் ஒரு சொல், கூட்டாளி சாப்பிட்டால் வேறொரு சொல். ஆண்மை என்பது குரலை உயர்த்துவதில் இல்லை, சரியான படியில் குரலை நிறுத்துவதில் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். நீங்கள் 'நானா'வில் பார்த்தது இந்தக் குரலைத்தான். ஆனால் அந்தப் படம் அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே போய்ச் சேர கொஞ்சம் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இவர்களுடைய பெரிய நாயகன் பஜாஜரான் என்ற பழைய சுந்தா நாட்டின் அரசர் சிலிவாங்கி. அவரைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லும் கதையில் கடைசிச் சண்டை என்று ஒன்று கிடையாது. மகன் கியான் சந்தாங் இஸ்லாத்துக்கு மாறி வந்து அப்பாவையும் அழைக்கிறான். அப்பா மாறவும் விரும்பவில்லை, மகனோடு வாள் எடுக்கவும் விரும்பவில்லை. காட்டுக்குள் போய்ப் புலியாக மறைந்துவிடுகிறார். காருட் பக்கம் சஞ்சாங் காட்டில் இன்றைக்கும் அந்தப் புலி இருப்பதாகச் சொல்வார்கள். ராணுவத்தின் சிலிவாங்கி படைப்பிரிவுக்கு அவர் பெயர். பாண்டுங் கால்பந்து அணியான பெர்சிப்புக்கு 'பாண்டுங் புலி' என்று பட்டம். இந்த மறைவு முக்கியம். பலசாலி தன் பலத்தை வேறொரு தோலுக்குள் ஒளித்துக்கொள்கிறான். சுந்தானிய சினிமா என்று எதை எடுத்தாலும் இந்தத் தோல் எங்கேயாவது எட்டிப் பார்க்கும். என் பதிலின் சாரமும் இதுதான். மரபு ஒரு கரை, நவீனம் ஒரு கரை, நடுவில் தத்தளிக்கும் ஆண் என்று நீங்கள் தேடினால் அதிகம் கிடைக்காது. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டு திரியும் ஆண்தான் கிடைப்பான்.

முதல் படத்திலேயே அப்படித்தான். டச்சு ஆட்சியில் இருந்த அந்தத் தீவுகளில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் 1926-இல் வந்த 'லூதுங் கசாருங்'. பாண்டுங் பக்கத்தில் எடுத்து, பாண்டுங் தியேட்டர்களில் டிசம்பர் கடைசி நாளில் ஓடத் தொடங்கியது. இயக்கியவர் ஹூவெல்டார்ப் என்ற ஐரோப்பியர். பாண்டுங்கின் சுதேச ஆட்சியாளர் விரநதகுசுமா பண உதவி செய்தார், அவர் வீட்டுப் பிள்ளைகளே நடித்தார்கள். கதை சுந்தானியர் ராத்திரி முழுக்கப் பாடும் பழங்கதை. ராஜா இளைய மகள் புர்பாசாரிக்குப் பட்டம் கொடுக்க, மூத்தவள் புர்பாராராங் அவள் உடம்பில் கரி பூசிக் காட்டுக்கு விரட்டுகிறாள். காட்டில் அவளுக்குத் துணை ஒரு கருங்குரங்கு. கடைசியில் போட்டி: யாருடைய மாப்பிள்ளை அழகன்? மூத்தவள் தன் இந்திரஜெயாவை நிறுத்துகிறாள். இளையவளிடம் இருப்பது குரங்குதான். தோற்றால் தலை போகும். அவள் குரங்கைக் கைகாட்ட, தோல் கழன்று தேவலோகத்து இளவரசன் குரு மிண்டா நிற்கிறான்.

மந்திகளோடு திரிந்தவன் தேவன் என்பது நாட்டுப்புறக் கதைகளில் உலகம் முழுக்க உண்டு. ஆனால் இந்தக் கதையில் ஆண் தன்னை நிரூபிக்க ஒரு வேலையும் செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் யாரென்று சொல்வது ஒரு பெண்ணின் கை.

அடுத்த வருஷமே, 1927-இல், க்ரூகர்ஸ் 'எவுலிஸ் அச்சிஹ்' எடுத்தார். ஜோஹானா என்பவர் எழுதிய சுந்தானிய நாவல். கணவன் கூட்டாளிகளோடு கூத்தடிக்கப் போய்விடுகிறான். மனைவி பிள்ளைகளோடு வறுமையில் விழுகிறாள். பல வருஷம் கழித்து எல்லாம் தொலைத்து அவன் திரும்பி வர, அவள் ஏற்றுக்கொள்கிறாள். குரங்குக்குள் தேவன் ஒரு பக்கம், கோட்டுக்குள் ஓடுகாலி இன்னொரு பக்கம். தொண்ணூறு வருஷத்துக்கும் மேலாக இந்த இரண்டு படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நண்பர்களிடம் சொல்வேன். மிகைதான், இருந்தாலும் பெரிய பொய் இல்லை.

சரி, கபயானுக்கு வருவோம். இவனைத் தெரியாமல் சுந்தானிய ஆணைப் பற்றிப் பேச முடியாது. சி கபயான் ஒரு சோம்பேறி. மனைவி நி இதெங். மாமனார் 'அபா', மாமியார் 'அம்பு'. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை, அதுவும் உழைக்காத மாப்பிள்ளை. மாமனார் அவனைப் பலாப்பழம் பறித்து வரச் சொல்கிறார். பறிக்கிறான், கனமாக இருக்கிறது. ஆற்றில் விட்டு, "நீ முன்னால வீட்டுக்குப் போ, நான் பின்னால வரேன்" என்று அனுப்பிவிடுகிறான். பழம் எங்கே என்றால், "முதிர்ந்த பழம் ஆச்சே, வழி தெரியாதா?" இன்னொரு நாள் வயலில் நத்தை பொறுக்கப் போகிறார்கள். தண்ணீரில் வானம் தெரிகிறது. ஐயோ, எவ்வளவு ஆழம் என்று இறங்க மறுத்து வரப்பில் உட்கார்ந்து நத்தைக்குத் தூண்டில் போடுகிறான். மாமனார் பொறுத்துப் பார்த்துப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார். சேற்றில் எழுந்து நின்று சொல்கிறான்: "அட, ஆழமே இல்லையே!"

இந்த வானம் தெரியும் வயலை வைத்து அங்கே பக்கம் பக்கமாகத் தத்துவம் எழுதியிருக்கிறார்கள். முட்டாளா, ஞானியா? எனக்கு அந்தச் சர்ச்சையில் ஆர்வம் இல்லை. மாமனார் அவனை ஏன் விரட்டிவிடவில்லை என்பதுதான் எனக்குக் கேள்வி. ஏனென்றால் அவன் சண்டைக்கு வருவதில்லை. எந்த அதிகாரத்தையும் எதிர்ப்பதில்லை, எதற்கும் கட்டுப்படுவதும் இல்லை. ஜாவாக்காரன், டச்சுக்காரன், ஜமீன், மாமனார் என்று தலைக்கு மேல் யாராவது இருந்துகொண்டே இருந்த ஊரில் இது ஒரு ஆண் பிழைக்கும் வழி.

சினிமாவில் கபயான் 1975-இலேயே வந்துவிட்டான், காங் இபிங் என்ற நகைச்சுவைக் கலைஞரின் முகத்தில். ஆனால் மக்கள் மனதில் நின்றது டிடி பெதெத். 1989-இல் 'சி கபயான் சபா கோத்தா', அதாவது கபயான் பட்டணம் போகிறான். அப்புறம் கபயானும் பட்டணத்துப் பெண்ணும், கபயானும் ஜின் பிள்ளையும், 1992-இல் கபயான் மாநகரம் போகிறான். 2010-இல் வேறொரு நடிகரோடு கபயான் கோடீஸ்வரன் ஆகிறான். தலைப்புகளை வரிசையாக வைத்தாலே, 1998 வரை ஆண்ட அதிபர் சுஹார்த்தோ காலத்திலும் அதற்குப் பின்னாலும் பொருளாதாரம் போன வழி தெரிகிறது: ஊரில் இருந்தவனைப் பட்டணம் இழுக்கிறது, பிறகு பணம் இழுக்கிறது. தோளில் சாரோங், தலையில் கறுப்புத் தொப்பி. பின்னணியில் கண்ணாடிக் கட்டடம். பட்டணம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறதா, அவன் பட்டணத்தைப் பார்த்துச் சிரிக்கிறானா என்று இரண்டுக்கும் இடம் வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

டிடி பெதெத் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கபயான் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1987-இல், 'சத்தத்தான் சி பாய்' என்ற படத்தில் எமோன் என்ற பாத்திரத்தில் அவர் நாடு முழுக்கப் பிரபலமானார். காரோட்டும் பணக்காரக் கதாநாயகனுக்கு நண்பன். நெளிந்து, குழைந்து, பெண் சாயலில் பேசுபவன். அந்த எமோன்தான் சுந்தானிய ஆணின் அதிகாரபூர்வ முகம் ஆனார், யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் பிறந்ததோ கிழக்கு ஜாவாவில், சுரபாயாவில். ஆண்மை எவ்வளவு தூரம் நடிப்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

தேசிய சினிமா சுந்தானிய ஆணைப் பெரும்பாலும் சிரிப்புக்கே வைத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். வார்த்தை முடிவில் 'எஉய்', 'அதுஹ்' என்று இழுத்தால் அரங்கம் சிரிக்கும். அவர்கள் வாயில் 'ஃப' வராது, 'ப' ஆகிவிடும். "சுந்தாக்காரனுக்கு 'ஃப' வராது என்பது வீண் பித்னா" என்பது அவர்களே சொல்லும் ஜோக். பழி சுமத்துவதற்கு அங்கே 'ஃபித்னா' என்று பெயர். 'ஃபேன்' 'பேன்' ஆகும் ஊர்க்காரர்கள் நாம், அதிகம் சிரிக்க முடியாது.

சிரிப்பே இல்லாத படம் ஒன்று இருக்கிறது: 1974-இல் சுமான்ஜயா இயக்கிய 'அத்தெயிஸ்', நாத்திகன். காருட்டில் பிறந்த அக்டியட் மிஹார்ஜாவின் 1949 நாவல். கதாநாயகன் ஹசனாக டெடி சுதோமோ. உங்கள் கேள்வியில் இருக்கும் மரபு, நவீனம் என்ற சொற்களுக்கு நேரடியாகப் பொருந்துவது இது ஒன்றுதான். நாவலைப் படித்தவர்களுக்கு ஒரு இடம் மறக்காது. சூஃபி வழியில் வளர்ந்த ஹசன், பாண்டுங் நகருக்குள் ஓடும் சிக்கபுண்டுங் ஆற்றில் ஒரே ராத்திரியில் நாற்பது முறை மூழ்கி எழுகிறான், மனசைக் கழுவ. பகலில் அவனுக்கு என்ன வேலை? நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் குழாய் இணைப்புக்குப் பதிவு செய்யும் குமாஸ்தா. ஆறும் குழாயும் ஒரே ஆளுக்குள்.

அந்த கவுண்டருக்குத்தான் பழைய பள்ளித் தோழன் ருஸ்லி வருகிறான், இப்போது மார்க்சியவாதி. கூடவே கார்த்தினி என்ற நவநாகரிகப் பெண். அப்புறம் அன்வர், எதையும் நம்பாத கலைஞன். ஹசன் அவர்களைத் திருத்தப் போய்த் தான் மாறுகிறான். ஊருக்கு அன்வரையும் கூட்டிப் போக, குட்டு உடைகிறது. அப்பா நொறுங்கிப் போகிறார். பிறகு சாகக் கிடக்கும்போது மகனைப் பக்கத்தில் விடவில்லை. மனைவி மேல் சந்தேகம், பிரிவு. கடைசியில் ஜப்பானியர் காலத்து இருட்டில் அன்வரைத் தேடி ஆத்திரத்தோடு ஓடும்போது துப்பாக்கிக் குண்டு. ஹசனை நாத்திகம் கொன்றது என்று சிலர், மதவெறி கொன்றது என்று சிலர். என்னைக் கேட்டால் அவனைக் கொன்றது தலையாட்டும் பழக்கம். அப்பா முன்னால் பக்தன், ருஸ்லி முன்னால் புரட்சிக்காரன், கார்த்தினி முன்னால் நவீனக் கணவன். எதிரில் இருப்பவருக்கு ஏற்ற படியில் குரலை வைக்கக் கற்றவனுக்குத் தன் குரல் எதுவென்று தெரியவில்லை. கபயானுக்குக் கைகொடுத்த அதே குணம் இவனைத் தள்ளிவிட்டது.

இதற்கு நடுவில் சிலம்பம் போன்ற பெஞ்சாக் சிலாட் சண்டைப் படங்கள், கறுப்பு உடையும் கத்தியுமாக வரும் பாந்தென் பகுதிப் பலசாலிகளான 'ஜவாரா'க்கள் உண்டு. அவற்றைத் தாண்டிப் போகிறேன். அந்த வீரம் எந்த இனத்துப் படத்திலும் ஒரே மாதிரிதான் உதைக்கிறது.

இந்த நூற்றாண்டுக்கு வந்தால், தோல் மாற்றும் விளையாட்டு வருமானத்தின் பக்கம் திரும்புகிறது. 'ப்ரெமான் பென்சியுன்', ஓய்வு பெற்ற ரவுடி: 2015-இல் ஆரிஸ் நுக்ரஹா இயக்கத்தில் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கி 2019-இல் சினிமாவாகவும் வந்தது. 'ப்ரெமான்' என்பது டச்சு மொழியில் சுதந்திர மனிதன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. சந்தை, பேருந்து நிலையம், தெரு மூன்றையும் வைத்திருக்கும் காங் பஹார் ஓய்வு பெற நினைக்கிறார். அது டிடி பெதெத். 2015 மே மாதம் அவர் இறந்துபோனார், அதுவே கடைசி வேடங்களில் ஒன்று. அடுத்த தலைவன் காங் முஸ், எபி குஸ்னந்தர். குள்ளமான, ஒல்லியான மனிதர். அடியாட்கள் எல்லாரும் அவரைவிடப் பெரிய உடம்பு. ஆனால் அவர் மெதுவாக "என்னப்பா" என்று தொடங்கினாலே கூட்டம் அடங்கும். பிறகு அவர் ரவுடித் தொழிலை மூடிவிட்டு 'கெச்சிம்ப்ரிங்' போடத் தொடங்குகிறார், மரவள்ளிக்கிழங்கு வடகம். படத்தில் அந்த வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. மாமூல் வாங்கிய கை இப்போது வடகப் பொட்டலம் விற்க வேண்டும், மகளைக் கண்காணிக்க வேண்டும். பழைய அடியாட்கள் இன்னும் மரியாதையாகத்தான் வந்து நிற்கிறார்கள், அந்த மரியாதையை வைத்து அரிசி வாங்க முடியாது. ரவுடிப் படம் என்று நினைத்துப் போனவர்கள் குடும்பப் படம் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அதே 2019 ஜனவரியில் 'கெலுவர்கா செமாரா', அதாவது செமாராவின் குடும்பம், வந்தது. 1996-இல் தொலைக்காட்சித் தொடராக ஓடியபோது நொடித்துப்போன அப்பா சுகபூமிப் பக்கம் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தார். யாண்டி லாரன்ஸ் இயக்கிய படத்தில் அதே அப்பா, பிள்ளைகள் வாயில் 'அபா', ஜகார்த்தாவில் வீட்டை இழந்து போகோர் கிராமத்துக்கு வருகிறார். கட்டட வேலைக்குப் போய் விழுந்து காலை உடைத்துக்கொள்கிறார், கடைசியில் செயலி வழியாக ஓடும் பைக் டாக்ஸி ஓட்டுகிறார். ரிக்‌ஷாவிலிருந்து செயலிக்கு வந்ததுதான் நவீனம். 'அபா' என்ற விளி மட்டும் மாறவில்லை. மகள் பள்ளியில் அரிசி அப்பளம் விற்கிறாள் என்பதில் அவருக்கு வலிப்பது பணமில்லை, அந்த விளி.

'டிலான் 1990' பற்றி ஒரு பத்தி போதும். 2018-இல் 63 லட்சம் பேர் பார்த்த படம். பாண்டுங், பள்ளிக்கூடம், பைக் கும்பல் தலைவன். பிறந்தநாளுக்குக் குறுக்கெழுத்துப் புத்தகம் கொடுக்கிறான், எல்லாக் கட்டத்தையும் தானே நிரப்பி, நீ கஷ்டப்படக் கூடாதே என்று. கபயானுக்கு ஜீன்ஸ் ஜாக்கெட் போட்டுவிட்ட மாதிரி. அதே பையன் ஆசிரியரை அடிக்கவும் செய்கிறான், அரங்கம் கைதட்டுகிறது. மேற்கு ஜாவா ஆளுநர் 2019-இல் பாண்டுங்கில் டிலான் பெயரில் ஒரு இடம் அமைக்க அடிக்கல் நாட்ட, பைக் கும்பலுக்கு நினைவிடமா என்று எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம்.

இனி 'நானா'. 2022, முழுக்க சுந்தானிய மொழியில். நானாவாக நடித்த ஹேப்பி சல்மா சுகபூமிக்காரர். துணைப் பாத்திரத்துக்காக லாரா பாசுகிக்கு பெர்லினில் வெள்ளிக் கரடி கிடைத்தது. கலவரத்தில் கணவனையும் அப்பாவையும் இழந்த நானா, 1960களில் டார்கா என்ற வசதியான, வயதில் மிக மூத்தவரின் மனைவியாக இருக்கிறாள். டார்கா நீங்கள் சொன்ன மாதிரியே. மெல்லிய குரல், நல்ல துணி, விருந்தாளிகளுக்கு உபசாரம், வெளியே ஒரு தொடுப்பு. அவரிடம் கோபித்துக்கொள்ளவே முடியாது, ஏனென்றால் அவர் ஒருபோதும் தவறான படியில் பேசுவதில்லை. இதுவரை சொன்ன படங்களில் எல்லாம் ஆணின் மென்மையை வெளியிலிருந்து, மாமனாரோ அடியாளோ காதலியோ பார்த்து ரசித்தார்கள். இந்தப் படம் அதைப் படுக்கையறைப் பக்கத்திலிருந்து பார்க்கிறது. அங்கே மென்மை ஒரு பூட்டு. கத்தாத கணவனிடம் கத்தும் மனைவிக்குத்தான் கெட்ட பெயர்.

கொண்டைக் காட்சியை ஒருமுறை திரும்பப் பாருங்கள். பெண்கள் ஏன் முடியை இவ்வளவு நீளம் வளர்த்துக் கொண்டை போடுகிறார்கள் என்று மகள் கேட்கிறாள். ரகசியத்தை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், வீட்டில் நடப்பதெல்லாம் கொண்டைக்குள் இருக்க வேண்டும் என்கிறாள் அம்மா. சிலிவாங்கி புலித்தோலுக்குள் ஒளிந்தார், குரு மிண்டா குரங்குத்தோலுக்குள். டார்கா ஒளிந்திருப்பது மனைவியின் கொண்டைக்குள்.

உங்கள் முதல் கேள்விக்கு, சுந்தானிய ஆண்கள் எல்லாரும் இப்படியா என்றால், பாண்டுங்கில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அப்படி இல்லை; பெர்சிப் தோற்ற ராத்திரிகளில் அவர் பேசிய சொற்கள் எந்தப் படியிலும் சேராது. படங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 1989 கபயானில் தொடங்குங்கள், பிறகு ஓய்வு பெற்ற ரவுடி, அப்புறம் 'நானா'வை இரண்டாம் தடவை. நீங்கள் 'நானா'வை முதலில் பார்த்துவிட்டீர்கள், அதனால் கபயான் மனைவி நி இதெங் சும்மா நிற்கும் காட்சிகளில் உங்களுக்குச் சிரிப்பு வருவது கொஞ்சம் கஷ்டம்.